கல்வெட்டு நட்ட கல்

எங்கள் தெருவில் யாரும் யாரைப் பற்றியும் பேசுவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியதே நான்தான். ஆகையால் இதை வம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான். கொஞ்சம் உப்புக்காரம் தூக்கலாக இருந்தால் அது என் கைவாகு.

எங்கள் எதிர்வீட்டுக்காரி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். தெருவில் அவளுக்குப் பெயர் கண்ணாடிக்காரி. முகத்தை ஒரு தரம் பார்த்தால் எந்த ஃப்ரேம் காதில் இறுக்கும், எது மூக்கில் வழுக்கும் என்று சொல்லிவிடுவாள். ஆளை எடை போடச் சொன்னால் மட்டும் கோட்டை விட்டுவிடுவாள். உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள் அவளுக்கு. இவளுக்கு வாய்த்த புருஷன் டிரைவிங் மாஸ்டர். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். மீதிப் பேர் அவரிடம் படிக்காதவர்கள் என்பது அவர்கள் ஓட்டுகிற லட்சணத்திலேயே தெரியும். வீட்டுக்குள் ஹாலிலிருந்து சமையலறைக்குத் திரும்பும்போதுகூட மனுஷன் கையை நீட்டி சிக்னல் காட்டுவார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவர் போய்ச் சேர்ந்ததும் வேலையிலேதான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு பல் டாக்டரம்மாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். "ஓரமா நிறுத்தும்மா. இண்டிகேட்டர் போடு" என்றாராம். வண்டி ஒழுங்காக ஓரம் கட்டிய பிறகே தலை சாய்ந்ததாம். "போட்டேங்க, சத்தியமா இண்டிகேட்டர் போட்டேங்க" என்று சாவு வீட்டில் அந்த டாக்டரம்மா அழுதது கண்ணாடிக்காரி அழுததைவிடப் பெரிய அழுகை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாஸ்டர் எதையும் முன்கூட்டியே செய்கிற ஆள் என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம்கூடப் பிடித்து வைத்திருந்தார். ஒரே குழி, இரண்டு பேருக்கு. ஆழமாகத் தோண்டி, முதலில் போகிறவரைக் கீழே வைப்பார்கள். பின்னால் வருகிறவர் மேலே. ரயிலில் லோயர் பெர்த், அப்பர் பெர்த் மாதிரி. உரிமை இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஒருவர் போனால் முழு உரிமையும் மற்றவருக்கு. இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. எனக்கே தெரியும் என்றால் தெருவுக்கே தெரியும் என்றுதானே அர்த்தம்?

புதைத்தவுடன் கல் வைக்கக்கூடாது, மண் இறங்கி இறுகட்டும் என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்காரியும் அவசரப்படவில்லை. கல்லில் என்ன எழுதுவது என்று கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் எழுதுவாள், அடிப்பாள், மறுபடி எழுதுவாள். எனக்குப் படித்துக் காட்டுவாள். "நல்லாருக்கு" என்பேன். "நீங்க எதைத்தான் நல்லால்லைன்னு சொன்னீங்க" என்று கிழித்துப்போடுவாள்.

இந்த நேரத்தில்தான் அவளுடைய அக்கா மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போனாள். ஊரில் நரிகளுக்கு நேரம் வந்துவிட்டது.

நரி என்றது மாஸ்டரின் அண்ணனை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கல்வெட்டு. காரணம் இல்லாமல் வைப்போமா? அவர் வாங்கிக்கொடுத்த குடிதண்ணீர் மெஷினில் அவர் பெயர். பூங்கா பெஞ்சில் அவர் பெயர், உட்காருகிறவர் முதுகில் பதிகிற மாதிரி. குடியிருப்போர் சங்கத்துக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தில் பெயர் பெரிதாக இருந்ததால் எண்களுக்கு இடம் இல்லாமல் போய், மணி பார்க்க வேண்டுமென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும். சங்கத்துக்குத் தலைவராக இருந்தார், நடைப்பயிற்சிக் குழுவுக்குத் துணைத்தலைவர். நடந்து நான் பார்த்ததில்லை.

கண்ணாடிக்காரி ஊரிலிருந்து திரும்பி, பெட்டியை வைத்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். குழந்தை பிறந்த சேதியை அவரிடம் சொல்லணுமாம். வரிசையில் திரும்பியதுமே இருவரும் நின்றுவிட்டோம். ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல். பளபளப்பில் என் தலைமுடி கலைந்திருந்தது எனக்கே தெரிந்தது.

உச்சியில் கல்வெட்டின் பெயர். அதன் கீழே அவர் வகித்த பதவிகள், 'முன்னாள்' சேர்த்து. அதற்கும் கீழே, 'அன்னாரின் அன்புத் தம்பி' என்று போட்டு, மாஸ்டரின் பெயர், பொடி எழுத்தில். கண்ணாடிக்கடையில் கடைசி வரியைப் படிக்கச் சொல்வார்களே, அந்த அளவு. வலது பக்கம் கல்வெட்டின் சிரித்த முகம், பீங்கானில் பதித்தது. அதன் கீழே அவர் பிறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி இடம்.

கண்ணாடிக்காரி கல்லின் முன்பக்கம் பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

"அக்கா, இவர் இங்க வரப்போறாரா?" என்றாள். "அப்ப நான் போனா என்னை எங்க வைப்பாங்க?"

"வா, அவரையே கேட்போம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

நேராகத் தெருக்கோடியில் இருக்கும் கல்வெட்டின் வீட்டுக்குப் போனோம். அவர் வரவேற்பறையில் தன் பெயர் போட்ட கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரி அவரை அத்தான் என்று கூப்பிடுவாள்.

"அத்தான், அது எங்க ரெண்டு பேருக்கும் எடுத்த இடம்."

"யார் இல்லேன்னது? நீ ஒரு வருஷமாக் கல்லு வைக்காம இழுத்துட்டிருந்தே. என் தம்பி அநாதையாட்டம் கிடந்தான். நான் வச்சேன்."

"உங்க பேர் எதுக்கு?"

"அவன் என் கூடப்பிறந்த ரத்தம். நீ நடுவுல வந்தவ. பிள்ளை குட்டி இருந்தாலும் பரவாயில்லே. நாளைக்கு உனக்கு யார் வந்து பூப்போடப்போறா? எங்கேயாவது ஒரு மூலையில உனக்கும் ஒரு இடம் நானே பாத்துத் தரேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, அதாவது கண்ணாடிக்காரியின் ஓரகத்தி, காப்பி கொண்டுவந்தாள். "உங்களுக்கு இது சம்மதமா அக்கா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள்.

"என்னைக் கேட்டா வச்சார்? எனக்கு எங்க அம்மா பக்கத்துல இடம் இருக்கு" என்றாள் அந்த அம்மா. "இவர் தம்பிகூடப் படுத்துக்கட்டும். அங்கேயாவது குறட்டைச் சத்தம் இல்லாம தூங்கறேன்."

"நீ உள்ள போ" என்றார் கல்வெட்டு. அவள் போகவில்லை. கதவோரமாக நின்று, நாங்கள் காப்பி குடிக்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் கண்ணாடிக்காரி கடப்பாரை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அடிப்பாவி, எறும்பைக்கூடக் கும்பிட்டு வழியனுப்புகிறவளுக்குக் கடப்பாரை! நான்தான் இழுத்துப்பிடித்து ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன். எனக்கு எங்கே எதற்கு யாரைப் பார்க்கணும் என்று தெரியும். யார் வீட்டில் என்ன வழக்கு என்று தெரிந்துவைத்திருப்பதில் இது ஒரு சௌகரியம்.

வக்கீலம்மா கல்லின் படத்தைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். பிறகு மறுபடி சிரித்தார்.

"கடப்பாரைப் பேச்சை விட்டுருங்க" என்றார். "கல்லு வேற, இடம் வேற. அந்த இடத்துல யாரைப் புதைக்கலாம், என்ன கல்லு வைக்கலாம்னு சொல்ற உரிமை உங்களுது. உங்களைக் கேக்காம தோட்டத்துல கல்லு வைக்க விட்டது அவங்க தப்பு. ஆனா கல்லு, அதை வச்சவரோட பொருள். நீங்க ஒரு எழுத்தைச் சுரண்டினாலும் அவர் உங்க மேல கேஸ் போடலாம்."

"வச்சது வச்சதுதானா?"

"அவர் அதைத் தம்பிக்குக் குடுத்துட்டதா ஒத்துக்கிட்டா வேற. குடுத்துட்டா அது கல்லறையோட சேந்தது. அப்ப நீங்க அவர் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடலாம். கல்லறைத் தோட்டத்துக் கமிட்டியில மனு குடுங்க. அங்க முடியலேன்னா கோர்ட்டு. என்ன, கோர்ட்டுல தீர்ப்பு வர்றதுக்குள்ள உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்தக் குழிக்குப் போயிடுவீங்க."

கண்ணாடிக்காரி பஸ்ஸில் வரும்போது, "குடுத்துட்டா" என்று தனக்குத்தானே ஒரு தரம் சொன்னாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன். எனக்கு அது கஷ்டமான காரியம்.

கமிட்டி கூடிய அன்று நான் அவளுக்குத் துணை. கூப்பிடவில்லைதான். தோட்டத்து அலுவலகம் ஒரு நீளமான அறை. சுவரோரம் மண்வெட்டிகள், நடுவில் மேஜை, மூலையில் யாரும் வாங்கிக்கொள்ளாத ஒரு சிமெண்ட் தேவதை. கமிட்டித் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நாங்கள் ஆறேழு பேர் பேசிக்கொண்டிருந்ததை ஒரு பார்வையில் நிறுத்தினார்.

முதலில் தோட்டத்து மேலாளரை எழுப்பினார். "இந்தம்மாவைக் கேக்காம எப்படிக் கல்லு வைக்க விட்டீங்க?"

"பெரிய மனுஷர் கேட்டாருங்க. வீட்டுல பேசியாச்சுன்னார். எனக்கு எல்லாரும் வேண்டியவங்க..."

"எல்லாரும் வேண்டியவங்கன்னா யாருக்கும் பிரயோஜனம் இல்லேன்னு அர்த்தம். உக்காருங்க."

மேலாளர் உட்கார்ந்தார். கல்வெட்டு எழுந்தார். பேச்சு என்றால் மனுஷனுக்குப் புது ரத்தம் ஊறும். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்ததிலிருந்து ஆரம்பித்தார். இருவருக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம், எப்படித் தூக்கினாரோ. அப்புறம் ரத்த பாசம், குடும்ப கௌரவம், கல் வந்த மலை, அதைச் செதுக்கியவரின் கைராசி எல்லாம் சொன்னார். கடைசியில் மேஜையைத் தட்டினார். "எனக்கும் சட்டம் தெரியும். கல்லை வச்சவனுக்குத்தான் கல்லு சொந்தம். அதுல எவரும் கை வைக்க முடியாது. வக்கீலைக் கேட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

தலைவி கண்ணாடிக்காரி பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

கண்ணாடிக்காரி எழுந்தாள். அழுதுவிடுவாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பேச எதுவும் இல்லைங்க. அத்தானை ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அவர் பக்கம் திரும்பினாள். "அத்தான், இந்தக் கல்லை நீங்க உங்க தம்பிக்குக் குடுத்துட்டீங்களா? இல்லே, இது இன்னும் உங்களுதா?"

கல்வெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்த ஓரகத்தி அவர் சட்டையை இழுத்தாள். "குடுத்தேன்னு சொல்லித் தொலைங்களேன். நல்ல பேராவது மிஞ்சும்."

கல்வெட்டு சட்டையை உதறினார். "குடுக்கறதா? குடுத்தேன்னு சொன்னா நாளைக்கே என் பேரைச் சுரண்டிட்டு இவ பேரைப் போட்டுக்குவா. நான் என்ன பச்சைப் பிள்ளையா? என் கல்லு. என் பேர் போட்ட கல்லு. இன்னிக்கும் என்னுது, என்னிக்கும் என்னுது."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார் தலைவி.

"யோசிக்க என்ன இருக்கு? ஆயிரம் பேர் முன்னாடி சொல்வேன்."

"இருக்கறவங்க போதும்." தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அது கண்ணாடிக்காரி கடையில் வாங்கினது என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். ஆனால் அதனால் எந்தச் சலுகையும் இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "சரி. கல்லு உங்களுது. அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க. ஆனா இடம் இந்தம்மாவுது. அடுத்தவங்க இடத்துல உங்க பொருளை வைக்கணும்னா அவங்க சம்மதம் வேணும். அம்மா, சம்மதமா?"

"இல்லைங்க" என்றாள் கண்ணாடிக்காரி.

ஒரே வார்த்தை. இத்தனை வருஷத்தில் அவள் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் கடன் கேட்கிறவனுக்குக்கூடச் சொன்னதில்லை. நான் கைக்குட்டையை எடுத்து என் கண்ணையே துடைத்துக்கொண்டேன்.

"அப்ப கல்லை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் தலைவி. "அந்த இடத்துல யாரை அடக்கம் பண்றதுன்னாலும் இந்தம்மா வாயால சொன்னாத்தான். மேலாளர், காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க, விழுந்துச்சுங்க."

கல்வெட்டுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "எடுத்துட்டுப் போயி... எங்க வைக்கறது?"

"உங்க கல்லு. உங்க இஷ்டம்."

வெளியே வந்ததும் நான் கண்ணாடிக்காரியைக் கட்டிக்கொண்டேன். "அடி கள்ளி! எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே இந்த மூளையை?"

"மூளை இல்லேக்கா. நிஜமாத்தான் கேட்டேன்" என்றாள். "குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவர் பேரை ஓரமா விட்டுவச்சிருப்பேன். கூடப்பிறந்தவர்தானே."

இவளை என்ன சொல்வது! ஜெயித்த பிறகும் தோற்றவனுக்கு இடம் விடப் பார்க்கிறாள்.

அந்தக் கல் கல்வெட்டின் வீட்டுக்கு வந்த நாளை எங்கள் தெரு மறக்காது. அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் வேலைக்குப் போன மாதிரி தெரியவில்லை. கிரேன் வைத்த லாரி ஒன்று கல்லைக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்வெட்டின் வாசலுக்கு வந்தது. கொல்லையில் வைக்கலாம் என்று பார்த்தார்கள். பக்கச் சந்தில் நுழையவில்லை. படுக்கப்போட்டால் உடைந்துவிடுமாம். கடைசியில் போர்ட்டிகோவில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு லாரிக்காரர்கள் போய்விட்டார்கள். தெருவைப் பார்த்தபடி. சிரித்த முகத்தோடு.

அந்த வாரமே நடைப்பயிற்சிக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். கல்லைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கைகட்டி, தலை குனிந்து, மௌனமாக நின்றார். "யாரது வாசல்ல?" என்று உள்ளேயிருந்து கல்வெட்டு குரல் கொடுத்தார். அந்த மனிதர் செருப்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தைப் பார்க்கணுமே. அந்தக் குழுவில் யாருக்கும் அவ்வளவு வேகம் உண்டு என்று நான் நினைத்ததில்லை.

ஓரகத்திக்கு மட்டும் கல் ரொம்பப் பிடித்துவிட்டது. வெயில் நன்றாக விழுகிறதாம். கால்மிதியைத் துவைத்து அதன் மேல் காயப்போடுகிறாள். "கல்லுன்னா இதுதான் கல்லு. சீக்கிரம் உலந்துடுது" என்று என்னிடமே சொன்னாள். கால்மிதி சரியாகப் பதவிகளை மறைத்துக்கொண்டு தொங்குகிறது. கல்வெட்டு எடுத்துப் போடுவார். அவள் மறுபடி போடுவாள். கொஞ்ச நாளில் அவர் எடுப்பதை விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரி தன் கல்லை வைத்தாள். முழங்கால் உயரச் சாம்பல் நிறக் கல். அவ்வளவு நாள் எழுதி அடித்து, கிழித்து, கடைசியில் இரண்டே வரி. இடது பக்கம் மாஸ்டரின் பெயர், அதன் கீழே 'வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர்'. வலது பக்கம் அவள் பெயர், அதன் கீழே 'இவர் மனைவி'. எழுத்து அளவில்தான் கல்தச்சரைப் படாதபாடு படுத்திவிட்டாள். கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவர்களும் படிக்கணுமாம். பின்னால் தள்ளி நிற்க வைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, அவரையே படிக்கச் சொன்னாள். பாவம், அந்த மனுஷனுக்குத் தூரப்பார்வை சரியில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. கடைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.

"உசிரோட இருக்கறவங்க பேரை வெட்டினா ஆகாதும்பாங்கம்மா" என்றார் அவர்.

"எனக்கு ஆகும். வெட்டுங்க."

"கல்வெட்டு செஞ்சதையேதான் நீயும் செய்யறே" என்று நான் சும்மா சீண்டினேன்.

"அவர் அடுத்தவங்க இடத்துல செஞ்சார்க்கா. நான் என் இடத்துல செய்யறேன்."

கல் நட்ட அன்று மாஸ்டரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அத்தனை வண்டிகளும் வாசலில் கோடு போட்ட மாதிரி நின்றன. பல் டாக்டரம்மா வந்ததும் அழ ஆரம்பித்து, கல்லைப் படித்து, இன்னும் அழுதார். எல்லாரும் பூ வைத்து நகர்ந்த பிறகு, ஓரகத்தி ஒரு ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கல்வெட்டு. கையில் பூங்கொத்து. அதில் பெயர் அட்டை இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். இல்லை.

அவர் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். தம்பியின் பெயரை வாய்க்குள் படித்தார். மனுஷன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சொல்லாமல் இருந்தால் பாவம். குனியப்போனவர் நிமிர்ந்து கண்ணாடிக்காரியைப் பார்த்தார். அவர் ஜென்மத்தில் யாரையும் எதையும் கேட்டுச் செய்த ஆள் இல்லை.

"வைக்கலாமாம்மா?"

கண்ணாடிக்காரி கல்லைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். முகத்தில் ஃப்ரேம் வைத்துப் பார்க்கிற பார்வை.

"வைங்க அத்தான்" என்றாள். அவர் பூங்கொத்தைக் கல்லின் வலது பக்கமாகச் சாய்க்கப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அந்தப் பக்கம் வைங்க. இது என் பக்கம்."